பழைய பேட்டைக்குக் குடிபோகும் மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. பழைய துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு வீடு பார்த்து வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். நாலு மாடிச் செங்கல் கட்டடம், ஆளுயர ஜன்னல்கள், தரைத்தளத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஓர் அச்சகம். படங்களைப் பார்த்தேன், எனக்கும் பிடித்திருக்கிறது. கடன், தவணைக் கணக்கையெல்லாம் அப்பா உன்னோடு பேசிக்கொள்வார். கடிதத்தின் கடைசியில் நீ கேட்டிருந்தாயே, "பத்து வருஷத்துல இந்த ஏரியா நல்லா ஆயிடும்னு தரகர் சொல்றார், ஆகுமாம்மா?" என்று, அதற்குத்தான் நான் எழுதுகிறேன்.

ஆகும். விலை ஏறும், நடைபாதை போடுவார்கள், மரம் நடுவார்கள். தரகர் பொய் சொல்லவில்லை. ஆனால் இத்தனை காலம் நகரமைப்பு அலுவலகத்தில் வரைபடங்களோடு வேலை பார்த்தவளுக்கு, ஒரு பேட்டை நன்றாக ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் உடனே யாருக்கு என்று கேட்கத் தோன்றும். நீ குடிபோவதற்கு முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும்.

லண்டனின் கிழக்குப் பகுதியில் பிரிக் லேன் என்ற தெருவில் ஒரு கட்டடம் இருக்கிறது. மத ஒடுக்குமுறைக்குப் பயந்து பிரான்ஸிலிருந்து ஓடிவந்த புராட்டஸ்டன்ட் மக்கள் 1743இல் அதைத் தங்கள் தேவாலயமாகக் கட்டினார்கள். அவர்களில் பலர் பட்டு நெசவாளர்கள். அடுத்த நூற்றாண்டில் அது மெதடிஸ்ட் என்ற இன்னொரு கிறிஸ்தவ சபையின் கையில் இருந்தது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து யூதர்கள் வந்து குடியேறிய பிறகு 1898இல் யூதர்களின் தொழுகைக்கூடம் ஆனது. வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதியிலிருந்து வந்தவர்கள் அந்தத் தெருக்களில் தையல் வேலைக்கு அமர்ந்த பிறகு 1976இல் பள்ளிவாசல் ஆனது. சுவரும் கூரையும் அதே சுவரும் கூரையும்தான். உள்ளே வணங்கும் மொழி மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

இதை நல்லிணக்கக் கதையாகச் சொல்பவர்கள் உண்டு. நான் இதில் பார்ப்பது வேறு. நெசவாளரின் பேரப்பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போனார்கள். யூதத் தையற்காரரின் பிள்ளைகள் படித்து, கையில் நாலு காசு சேர்ந்து, தோட்டம் வைத்த வீடு தேடிப் புறநகருக்குப் போனார்கள். அவர்கள் விட்டுப்போன அறைகள் மலிவாக இருந்ததால் அடுத்து வந்த ஏழை உள்ளே வர முடிந்தது. எந்த ஊரிலும் பழைய பேட்டைகள் தலைமுறை தலைமுறையாக இந்த வேலையைச் செய்திருக்கின்றன. கையில் ஒன்றுமில்லாமல் வருபவனுக்கு நகரத்துக்குள் நுழைய அவைதான் வாசல். கல்யாணமான புதிதில் நானும் உன் அப்பாவும் அப்படி ஒரு பேட்டையின் ஒற்றை அறை வழியாகத்தான் நகரத்துக்குள் வந்தோம். அங்கே மாற்றம் என்பது எப்போதும் இருந்தது. போகிறவர் வசதி வந்து போனார், வருகிறவர் வசதி தேடி வந்தார்.

இப்போது நடப்பது வேறு மாதிரி மாற்றம். போகிறவர் வாடகை கட்ட முடியாமல் போகிறார். வருகிறவர் அவரைவிடப் பணக்காரர். 1964லேயே ரூத் கிளாஸ் என்ற சமூகவியலாளர் லண்டனின் தொழிலாளர் பகுதிகளில் இதைக் கவனித்து எழுதினார். நடுத்தர வர்க்கத்தினர் வந்து வாங்கத் தொடங்கினால், பழைய குடிகள் ஏறத்தாழ எல்லோரும் வெளியேறும் வரை அது நிற்பதில்லை என்று.

அந்தப் பேட்டை ஏன் மலிவாகக் கிடக்கிறது என்று யோசித்தாயா? பெரும்பாலும் வேலை போனதுதான் காரணமாக இருக்கும். 1956இல் அமெரிக்காவில் முதல் கன்டெய்னர் கப்பல், அதாவது சரக்கைப் பெரிய இரும்புப் பெட்டிகளில் அடைத்து ஏற்றிச்செல்லும் கப்பல், புறப்பட்டது. பிறகு கப்பல்கள் பெரிதாகிக்கொண்டே போயின. ஆழமான தண்ணீரும் பரந்த திடலும் வேண்டியிருந்தது. மூட்டை தூக்கிய கைகள் வேண்டியிருக்கவில்லை. நகரத்துக்குள் இருந்த பழைய துறைகள் உலகம் முழுக்க ஓய்ந்தன. லண்டன் துறைகள் 1960களின் பிற்பாதியில் தொடங்கி 1981க்குள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பத்தே வருஷத்தில், 1991இல், சரக்கு இறங்கிய இடத்தில் கேனரி வார்ஃப் என்ற அலுவலகக் கோபுரம் எழுந்து நின்றது. அதில் வேலைக்கு வந்தவர்கள் வங்கிக்காரர்கள். துறைமுகத் தொழிலாளியின் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை கிடைத்திருக்கும்?

எல்லாச் சரிவும் இப்படித் தானாக வந்துவிடுவதும் இல்லை. 1930களில் அமெரிக்காவில் வீட்டுக்கடனுக்கான அரசு நிறுவனம் ஒன்று நகர வரைபடங்களுக்கு வண்ணம் பூசியது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பு. சிவப்பு என்றால் அபாயம், கடன் கொடுப்பது ஆபத்து. கடன் கிடைக்காத வீட்டுக்கு யார் கூரை மாற்றுவார்? விற்க நினைத்தாலும் யார் வாங்குவார்? வீட்டு விஷயத்தில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1968இல்தான் வந்தது. அதற்குள் ஒரு தலைமுறையின் வீடுகள் சிதைந்துவிட்டன. ஒரு பேட்டை பாழடைந்து கிடந்தால் அங்கே குடியிருப்பவர்களின் அசிரத்தை என்று சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதைக் கேட்டால் இன்றும் கோபம் வரும். மேசையில் உட்கார்ந்து வண்ணம் பூசியவன் பெயரை யாரும் கேட்பதில்லை.

மலிவாகக் கிடக்கும் இடத்துக்கு முதலில் போவது பணக்காரர் இல்லை. நியூயார்க்கில் சோஹோ என்ற பகுதி இரும்புத் தூண் வைத்த தொழிற்சாலைகளின் பகுதி. தொழில்கள் வெளியேறிய பிறகு ஓவியர்களும் சிற்பிகளும் பெரிய கூடம், நல்ல வெளிச்சம், குறைந்த வாடகை என்று போய்ச் சேர்ந்தார்கள். அங்கே குடியிருப்பது சட்டப்படி செல்லாது என்பதால் திருட்டுத்தனமாகத்தான் வாழ்ந்தார்கள். 1971இல் நகராட்சி கலைஞர்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்தது. 1973இல் பாதுகாக்கப்பட்ட பகுதி என்று அறிவித்தது. பிறகு ஓவியக்கூடங்கள் வந்தன, அவற்றைத் தேடிப் பணம் வந்தது, கடைசியில் ஓவியக்கூடங்களாலேயே வாடகை கட்ட முடியாமல் பெரும்பாலானவை வேறு பகுதிக்குப் போயின. கட்டடங்கள் இன்றும் அழகாக நிற்கின்றன.

இதற்குள் ஓடும் கணக்கை நீல் ஸ்மித் என்ற புவியியலாளர் 1979இல் விளக்கினார். ஓர் இடத்தில் இப்போது வரும் வாடகை ஒன்று. அதே மனையை இடித்தோ புதுப்பித்தோ வேறு ஆளுக்கு விட்டால் வரக்கூடியது இன்னொன்று. இரண்டுக்கும் இடைவெளி பெரிதாகப் பெரிதாக, பழைய குடித்தனக்காரர் இருப்பதே உரிமையாளருக்கு நஷ்டமாகத் தெரியத் தொடங்கும். ஒழுகும் குழாயைச் சரிசெய்ய மாட்டார். பெரியவர் இறந்து வாரிசுகள் கைக்குச் சொத்து வந்தால் இன்னும் வேகம். ஆளுக்கொரு ஊரில் இருக்கும் பிள்ளைகள் விற்றுப் பங்கு பிரிக்கத்தான் பார்ப்பார்கள்.

கட்டடத்தைப் பாதுகாத்தால் பேட்டையைப் பாதுகாத்தாயிற்று என்று நானும் பணியில் சேர்ந்த புதிதில் நம்பினேன், அப்போது எங்கள் துறையே அப்படி நம்பியது. பாரிஸின் மாரே பகுதியைப் பார். 17ஆம் நூற்றாண்டில் பிரபுக்களின் மாளிகைகள், பிறகு பட்டறைகளும் ஏழைக் குடித்தனங்களும். 1962இல் வந்த பழைய கட்டடங்களுக்கான பாதுகாப்புச் சட்டத்தால் அந்த மாளிகைகள் இடிபடாமல் தப்பின, அதில் சந்தேகமில்லை. அவற்றுக்குள் இருந்த பட்டறைகளும் சிறு குடித்தனங்களும் தப்பவில்லை. சிங்கப்பூரில் 1947இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய கடைவீடுகளில் வாடகையை உறைய வைத்தது. வருமானம் இல்லாத உரிமையாளர்கள் பராமரிப்பைக் கைவிட்டார்கள். 1989இல் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் பகுதிகளைப் பாதுகாக்கப்பட்டவையாக அறிவித்தார்கள். வாடகைக் கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்து 2001இல் சட்டமே ரத்தானது. முகப்புகள் பளபளவென்று மீண்டன. பழைய வாடகையை நம்பித் தொழில் செய்தவர்கள் பலர் கிளம்பினார்கள். வாடகையைக் கட்டிப்போடுவது மட்டும் போதாது என்பதற்கும், அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரே ஊரில் சாட்சி இருக்கிறது.

வழியே இல்லை என்று நினைத்துவிடாதே. ஜெர்மனியில் கட்டடத்தை மட்டுமல்ல, குறிப்பிட்ட பகுதிகளில் குடியிருக்கும் மக்களின் கலவையையே பாதுகாக்கச் சட்டம் உண்டு. பெர்லின் அதை நிறையப் பகுதிகளில் பயன்படுத்துகிறது. வாடகையை ஏற்றிவிடும் ஆடம்பரப் புதுப்பிப்புக்கு அங்கே அனுமதி மறுக்கலாம். அமெரிக்காவின் பாஸ்டனில் டட்லி தெரு மக்கள் 1984இல் ஒன்றுசேர்ந்து, குப்பை கொட்டும் இடமாகிக் கிடந்த காலி மனைகளை 1988இல் நகராட்சியின் நில எடுப்பு அதிகாரத்தின் துணையோடு தங்கள் பொதுப் பொறுப்பில் கொண்டுவந்தார்கள். வீடு தனியாருக்கு, நிலம் எல்லோருக்கும். வியன்னாவில் மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் நகராட்சி வீடுகளிலோ மானிய வீடுகளிலோ இருக்கிறார்கள். அங்கே ஒரு தெரு அழகானால் குடியிருப்பவர் பயப்பட வேண்டியதில்லை. நான் பணியில் இருந்தவரை எனக்குப் பெரிய ஆதங்கம், இப்படி நிலத்தைக் கையில் வைத்துக்கொள்ளும் துணிச்சல் எத்தனை நகரங்களுக்கு இருந்தது என்பதுதான். விற்றபின் மீட்பது பெரும்பாடு.

நீ அங்கே போவது தப்பு என்று சொல்ல வரவில்லை. யாராவது ஒருவர் போகத்தான் போகிறார்கள், அது நீயாக இருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கையெழுத்துப் போடும் முன் உன் வீட்டில் முன்பு யார் இருந்தார், எப்படிக் காலி செய்தார் என்று தரகரிடம் கேள். அவராக விட்டுப்போனாரா, ஒப்பந்தம் முடிந்து போக வேண்டியதாயிற்றா? மழுப்பினால் மாடியில் இருப்பவர்களிடம் கேள். காலி செய்யச் சொல்லி வழக்கு நடக்கும் கட்டடமாக இருந்தால் அந்த வீடு நமக்கு வேண்டாம், அப்பாவும் அதையே சொல்கிறார். பக்கத்துப் பள்ளியில் பிள்ளைகள் குறைகிறார்களா என்று பார். இரண்டு வீட்டை ஒன்றாக இடித்துச் சேர்க்கும் தெருவில் வீட்டு விலை ஏறும், பிள்ளைகள் குறைவார்கள், வகுப்புகள் மூடப்படும்.

பல நகரங்களில் வீட்டு வாடகைக்கு வரம்பு வைத்தாலும் கடை வாடகைக்கு வைப்பதில்லை. அதனால் முதலில் போவது தரைத்தளம். உன் கட்டடத்தில் அது அந்த அச்சகம். புதிதாக வந்தவர்கள் சத்தம் என்று புகார் எழுதி, அதை வைத்தே தொழிலை மூட வைத்த கோப்புகளை நான் கையால் புரட்டியிருக்கிறேன். காலையில் இயந்திரம் ஓடி உன் தூக்கம் கெட்டால் நகராட்சிக்கு எழுதாதே. கீழே இறங்கிப் போய் அவர்களிடம் பேசு. எத்தனை மணிக்குத் தொடங்குகிறார்கள், எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், குத்தகை எப்போது முடிகிறது என்று விசாரித்து எனக்கு எழுது. குத்தகை முடிகிற வருஷம் நெருங்கினால் குடியிருப்போர் கூட்டத்தில் அதை நீயே எடுத்துப் பேசு. எப்படி மனு எழுதுவது என்று நான் சொல்லித் தருகிறேன்.

அன்புடன்,
அம்மா