கேனப்பிக்கு முன்னால் சைக்கிளை அள

அன்புள்ள கதிர்,

நலம். உன் கடிதமும் அதோடு வைத்திருந்த அளவுத் தாளும் கிடைத்தன. பிக்கப் வாங்கிவிட்டாய், இனி மகளும் நீயுமாகச் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு கிளம்பப் போகிறாய் என்று படித்ததும் மனசுக்கு நிறைவாக இருந்தது. வண்டியின் பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டிக்கு மேல் மாட்டும் கூரையான கேனப்பியில் எதை வாங்கலாம், ஃபைபரா அலுமினியமா என்று கேட்டிருக்கிறாய். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வை. முதலில் சைக்கிள், அடுத்து அதைப் பூட்டி நிறுத்தும் ஸ்டாண்டு, கடைசியில்தான் கேனப்பி. வரிசை மாறினால் அழகான கூரை ஒன்று வண்டியில் ஏறிவிடும். சைக்கிள் அதற்குள் போகாது. மறுபடி கேனப்பி மாற்றுவது லேசான செலவில்லை.

கணக்கைப் பார். உன் தொட்டியின் நீளம் 1500 மி.மீ. மலைச் சைக்கிளின் இரண்டு ஆக்சில்களுக்கும் (சக்கர அச்சுகளுக்கும்) இடையே 1200 மி.மீ. 29 அங்குலச் சக்கரத்தில் டயரோடு சேர்த்து ஆக்சிலிலிருந்து தரை வரை 370 மி.மீ. முன்சக்கரத்தைக் கழற்றி, அதைப் பிடித்திருந்த கவையை, அதாவது ஃபோர்க்கை, தொட்டியின் முன்பக்கம் வைக்கும் ஒரு குறுக்குச் சட்டத்தில் பூட்டினால் ஃபோர்க் முனை தரையிலிருந்து 120 மி.மீ. உயரத்தில் நிற்கும். முன்பக்கம் இப்படி 250 மி.மீ. இறங்குவதால் ஆக்சில்களுக்கு இடையிலான கிடைமட்டத் தூரம் 1174 ஆகச் சுருங்கும். அதோடு பின்சக்கரத்தின் 370, ஃபோர்க் முனைக்கும் கேபினை ஒட்டிய முன்சுவருக்கும் நடுவில் 80. மொத்தம் 1624. நேராக வைத்தால் பின்கதவு மூடாது.

அதனால் சைக்கிளை 30 டிகிரி சாய்த்து வைக்க வேண்டும்; பக்கவாட்டில் சாய்ப்பதல்ல, மேலிருந்து பார்த்தால் தொட்டியின் நீளத்துக்குக் கோணலாக நிற்கும்படி வைப்பது. அப்போது முன்சுவரிலிருந்து டயரின் கடைசி விளிம்பு வரை 1430 மி.மீ. அளவுக்குள் அடங்கும்; பின்கதவுக்கு 70 மி.மீ. மிச்சம். சாய்வில் இன்னொரு லாபமும் உண்டு. இரண்டு ஃபோர்க்குகளுக்கும் இடையே சட்டத்தில் 300 மி.மீ. விட்டால், 30 டிகிரிச் சாய்வினால் ஒரு ஹேண்டில்பார் மற்றதைவிட 150 மி.மீ. பின்தங்கி நிற்கும். நேராக நிறுத்தினால் ஒன்றோடொன்று முட்டும் 760 மி.மீ. ஹேண்டில்பார்களில், இங்கே ஒன்று மற்ற சைக்கிளின் மேல்குழாய்க்கு மேலாகப் போய்விடும்.

முதல் ஃபோர்க்கைப் பக்கச் சுவரிலிருந்து 280 மி.மீ.க்குக் குறையாமல் தள்ளி வை. தொட்டிக்குள் இடம் இருப்பதுபோலத்தான் தோன்றும். ஆனால் ஹேண்டில்பார் இருக்கும் உயரத்தில் கேனப்பியின் பக்கங்கள் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும், முனை அங்கே போய் இடிக்கும். இரண்டாவது சைக்கிளின் பின்சக்கரம், வண்டிச் சக்கரத்துக்காகத் தொட்டிக்குள் புடைத்திருக்கும் சக்கர மேட்டின் ஓரமாகப் போகும். உன் வண்டியில் மேடுகளுக்கு நடுவே 1100 மி.மீ.தான் என்பதால் இடைவெளி மிகக் குறைவு. உரசினால் சாய்வை 28 டிகிரியாகக் குறைத்துக்கொள். பின்கதவுப் பக்கம் அதற்கு இன்னும் இடம் தாங்கும். மூன்றாவது சைக்கிள் இந்தத் தொட்டியில் நினைக்காதே. சட்டத்தை வெட்டுவதற்கு முன், சமதரையில் தொட்டியின் உருவத்தை முழு அளவில் சுண்ணக்கட்டியால் வரைந்து, சக்கர மேடுகளையும் குறித்து, சைக்கிள்களை உள்ளே நிறுத்திப் பார். காகிதக் கணக்கில் பெடல் எங்கே முட்டும் என்று தெரியாது, தரையில் தெரிந்துவிடும்.

இனி உயரம். முன்பக்கம் இறங்கும்போது சீட்டும் 60 மி.மீ. அளவு இறங்கும். தரையிலிருந்து 1000 மி.மீ. உயரமுள்ள சீட் 940க்கு வரும். கேபின் உயரத்துக்குச் சமமான கேனப்பியில் உட்கூரை அந்த அளவை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் நீ அளக்க வேண்டியது கூரையை அல்ல, பின்கண்ணாடிக் கதவின் மேல்சட்டத்தை. அது கூரையைவிடத் தாழ்வாக இருக்கும். சைக்கிள் உள்ளே போகும் வழி அதுதான். அங்கே தடுத்தால் இரண்டு வழி: சீட்டை இறக்கி ஏற்றுவது, அல்லது கேபினைவிட உயரமான கேனப்பி வாங்குவது. டிராப்பர் சீட்போஸ்ட் (பொத்தானை அழுத்தி இறக்கும் சீட் தண்டு) இருந்தால் கவலையே இல்லை. மகளுடைய சைக்கிளில் அது இல்லையென்றால் சீட்போஸ்ட்டில் பழைய உயரத்தை டேப்பால் குறித்துக்கொள்ளச் சொல்.

ஸ்டாண்டு செய்ய 38 மி.மீ. கனமும் 89 மி.மீ. அகலமும் உள்ள மரச்சட்டம் போதும். அகலப் பக்கம் மேலே வரும்படி படுக்க வை. முன்சுவர் ஓரத்தில் தொட்டியின் அகலத்தைத் தரை மட்டத்திலும் 100 மி.மீ. உயரத்திலும் தனித்தனியாக அள, பக்கச் சுவர்கள் செங்குத்தாக இருக்காது. சிறிய அளவிலிருந்து 20 மி.மீ. குறைத்து வெட்டி, இரு முனையிலும் திருகிச் சரிசெய்யும் ரப்பர் பாதம் வை. அது சட்டத்தைப் பக்கவாட்டில் இறுக்கும். மேலே எழாமல் பிடிக்க, தொட்டியில் இருக்கும் கயிறு கட்டும் கொக்கிகளோடு இரண்டு டர்ன்பக்கிள் (திருகினால் இறுகும் இணைப்பு) போட்டு இழு. வெறும் பக்க அழுத்தத்தை நம்பாதே. மெல்லிய தகடு வளைந்து கொடுக்கும், மேடு பள்ளத்தில் சட்டம் எகிறும்.

தொட்டித் தரையில் துளை போடாமல் முடிக்க முடியும் என்றால் போடவே போடாதே. கீழே டீசல் டேங்க், எரிபொருள் குழாய், பிரேக் குழாய், வயர் எல்லாம் ஓடுகின்றன. தவிர்க்கவே முடியாவிட்டால் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டுத் துளை போடு. துளை விளிம்பின் பிசிறை அராவி, பிரைமர், பெயின்ட் இரண்டும் காய்ந்த பிறகு பாலியூரிதேன் சீலன்ட் வை.

ஃபோர்க்கைச் சட்டத்தில் பூட்டும் ஃபோர்க் பிளாக் வாங்குமுன் இரண்டு சைக்கிள்களின் முன் ஆக்சிலையும் பார். நெம்புகோலைத் திருப்பிக் கழற்றும் பழைய குவிக் ரிலீஸ் என்றால் 9 மி.மீ. ஆக்சில், 100 மி.மீ. அகலம். புதிய மலைச் சைக்கிள்களில் பெரும்பாலும் 15 மி.மீ. த்ரூ ஆக்சில் (ஃபோர்க்கின் இரு காலையும் ஊடுருவித் திருகும் அச்சு), 110 மி.மீ. அகலம், சில 15க்கு 100. ரோடு சைக்கிளில் 12க்கு 100. ஒன்றுக்கு வாங்கியது மற்றதற்குப் பொருந்தாது.

பிளாக்கை மர ஸ்க்ரூவால் பிடிக்கவே கூடாது. வண்டி வளையும்போதெல்லாம் சைக்கிள் பக்கவாட்டில் ஆடும். அந்த நெம்பு முழுவதும் இந்தச் சின்ன பிளாக்கில்தான் இறங்கும். ஸ்க்ரூ மரத்தைத் தின்று தின்று ஒருநாள் கையோடு வந்துவிடும். எம்8 (8 மி.மீ.) போல்ட்டைச் சட்டத்தின் மேலிருந்து கீழ்வரை முழுவதும் செலுத்தி, அடியில் 30 மி.மீ. அகல வாஷரும், தளராத நைலான் வளையம் கொண்ட நைலாக் நட்டும் போடு. நீளக் கணக்கு: சட்டம் 38, பிளாக்கின் அடிப்பாகம் 10, வாஷர்கள் 4, நட்டு 8, நட்டுக்கு வெளியே இரண்டு புரி. 65 மி.மீ. போல்ட் சரியாக இருக்கும். பிளாக்கின் அடிப்பாகம் இன்னும் கனமென்றால் 70. நட்டு தரையில் இடிக்காமலும் மழைநீர் அடியில் ஓடவும் சட்டத்தின் கீழே 20 மி.மீ. ரப்பர் கட்டைகள் வை. அந்த உயரத்தையும் 120 மி.மீ. கணக்கில் சேர்த்துக்கொள்.

மரத்துக்கு வெளிப்புற வார்னிஷ் மூன்று கோட் அடி. வெட்டு முனைகளுக்கும் போல்ட் துளைகளின் உட்பக்கத்துக்கும் கட்டாயம் அடி. தண்ணீர் குடிப்பது அந்த இடங்கள்தான். செம்பு மருந்து ஏற்றிய மரம் கிடைத்தால் அதில் சாதாரண ஜிங்க் பூசிய போல்ட் போடாதே, சீக்கிரம் அரித்துவிடும். அலுமினியமும் அப்படியே. ஸ்டெயின்லெஸ் போடு.

பின்சக்கரத்துக்கு ப்ளைவுட்டில் இரண்டு ஓரக் கட்டைகள் அடித்து ஒரு சிறு தடம், ரிம்மைச் சுற்றி ஒரு பெல்ட். இதற்கு மேல் வேண்டாம். கழற்றிய முன்சக்கரத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். டிஸ்க் ரோட்டார் (பிரேக் பிடிக்கும் வட்டத் தகடு) பக்கம் எதன் மீதும் சாயக் கூடாது, லேசாக வளைந்தாலும் பிரேக்கில் உரசிக்கொண்டே இருக்கும். ஹைட்ராலிக் பிரேக் என்றால் சக்கரத்தைக் கழற்றிய உடனே பேட்களுக்கு நடுவில் பிளாஸ்டிக் துண்டைச் செருகு. பயணத்தில் லீவர் எங்காவது அழுந்தினால் பிஸ்டன்கள் வெளியே வந்து பேட்கள் ஒட்டிக்கொள்ளும், போய் இறங்கிய இடத்தில் சக்கரம் நுழையாது.

இப்போது கேனப்பி. ஃபைபர் கனமானது, பெயின்ட் வண்டியோடு பொருந்தும், ஒலி அடங்கும். அலுமினியம் இலேசு, அடிபட்டால் நெளியும் ஆனால் வெடிக்காது. உனக்கு அலுமினியம் என்பது என் எண்ணம். கேனப்பி, ஸ்டாண்டு, சைக்கிள்கள், ஆட்கள், பைகள் எல்லாமே வண்டியின் சுமை வரம்பில் சேரும். கூரை மேலும் ஏற்றுவதாக இருந்தால், ஓடும்போது தாங்கும் எடை வேறு, நிற்கும்போது தாங்கும் எடை வேறு. ஓடும்போதைய அளவையே பார்.

தூக்கி வைப்பதற்கு நான்கு பேர் வேண்டும். தொட்டியின் மேல்விளிம்பில் பிளாஸ்டிக் மூடி இருந்தால் அதன் மேலேயே வைக்கலாமா, கழற்ற வேண்டுமா என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள். விளிம்பை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டு ஈ.பி.டி.எம். ரப்பர் ஃபோம் டேப் ஒட்டு. இழுத்து ஒட்டாதே. இழுத்த டேப் சில நாளில் சுருங்கித் திரும்பும், மூலைகளில் இடைவெளி விழும், மழைத்தண்ணீர் நேராக அங்கேதான் வரும். முன்பக்கம் முழுக்க ஒரே துண்டு; இணைப்புகள் பின்பக்கம் இருக்கட்டும். ஓடும் வண்டியில் தண்ணீர் அடிப்பது முன்னாலிருந்து.

கேபினுக்கும் கேனப்பிக்கும் நடுவில் 20 முதல் 25 மி.மீ. விடு. கேபினும் தொட்டியும் சேஸியில் தனித்தனியாக உட்கார்ந்திருக்கின்றன. கரடுமுரடான பாதையில் சேஸி முறுகும்போது இரண்டும் வேறு வேறு பக்கம் சாயும். ஒட்டி வைத்தால் பெயின்ட்டைத் தேய்த்துத் தகட்டைத் தொட்டுவிடும். இதே காரணத்தால்தான் சைக்கிளையோ ஸ்டாண்டையோ கேபினோடு சேர்த்துக் கட்டவும் கூடாது.

கேனப்பியைத் தொட்டி விளிம்போடு பிடிக்கும் கிளாம்புகளை முதலில் கையால் மட்டும் திருகி வை. கேனப்பியின் இரண்டு மூலைவிட்டங்களும் சமமா என்று அள, பின்கதவையும் கண்ணாடியையும் பலமுறை திறந்து மூடிப் பார். பிறகு முன் இடது, பின் வலது, முன் வலது, பின் இடது, கடைசியில் நடுவில் உள்ளவை என்ற வரிசையில் இறுக்கு. கேனப்பியோடு வரும் தாளில் உள்ள முறுக்கு அளவே கணக்கு. அலுமினியக் கிளாம்புகளுக்குப் பொதுவாக 20 முதல் 25 நியூட்டன் மீட்டர். அதற்கு மேல் முறுக்கினால் கிளாம்ப் விரியும், ஃபைபர் என்றால் விளிம்பில் கீறல் விழும். முதல் 100 கி.மீ. ஓடியதும் ஒரு தடவை, 500 கி.மீ.யில் ஒரு தடவை, முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் பார். ஃபோம் அமுங்கி உட்கார உட்காரக் கிளாம்ப் தளரும். சீலன்ட் தேவைப்படும் இடங்களில் வினிகர் வாசனை வரும் சிலிகானைத் தொடாதே, அது தகட்டை அரிக்கும். நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்கு.

தூசி பற்றி நீ கேட்டிருந்தாய். அது முன்னாலிருந்து வருவதில்லை. ஓடும் வண்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. பின்கதவின் கீழ் மூலைகள், கீல் பக்கத்து இடுக்குகள் வழியாகத் தூசியும் புகையும் உள்ளே இழுக்கப்படுகின்றன. பின்கதவைச் சுற்றி ரப்பர் பீடிங் ஒட்டு, கீழ் விளிம்பை மறக்காதே. அதற்குப் பிறகும் வந்தால் கூரையில் முன்நோக்கித் திறக்கும் ஒரு காற்றுத்துளை வை. உள்ளே அழுத்தம் கொஞ்சம் கூடினால் தூசி நுழையாது. பின்கண்ணாடியைத் தூக்கிவிட்டு மட்டும் ஓட்டாதே. சைலன்சர் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு கேனப்பிக்குள் வந்து, கேபினின் பின்ஜன்னல் திறந்திருந்தால் உங்கள் மூச்சிலும் கலக்கும். கேனப்பிக்குள் ஆள் உட்கார்ந்து வரக் கூடாது என்பதற்கும் இது ஒரு காரணம்.

உள்விளக்குக்கும் மேல் பிரேக் விளக்குக்கும் வயர் இழுக்கும்போது, பேட்டரியிலிருந்து வரும் வயரில் பேட்டரிக்கு அருகிலேயே 5 ஆம்பியர் ஃபியூஸ் போடு. தொட்டி மூலையில் தண்ணீர் புகாத ஒரு கனெக்டர் வை, என்றாவது கேனப்பியைக் கழற்ற வேண்டியிருந்தால் வயரை வெட்ட வேண்டாம். பல்பு பழுதைத் தானே கண்டுபிடிக்கும் வண்டிகளில் பிரேக் விளக்கு வயரில் நேராக ஒட்டுப் போட்டால் டேஷ்போர்டில் எச்சரிக்கை எரியும். நடுவில் ரிலே (சிறு மின்னோட்டத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்துக்கொள்.

இரண்டு சைக்கிள்களின் முன் ஆக்சில் அளவும், தொட்டி விளிம்பின் குறுக்கு வடிவமும் உன் தாளில் இல்லை. விளிம்பு உள்பக்கம் எத்தனை மி.மீ. மடிந்திருக்கிறது, எந்த வகைக் கிளாம்ப் பிடிக்கும் என்பதை வைத்துத்தான் அடுத்த பேச்சு. ஒரு அட்டையை விளிம்பில் வைத்து வரைந்து அனுப்பு. வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு.

என்றும் உன்,
ரவி