வைக்கோலைக் கொளுத்தாதீர்கள்

ஆசிரியருக்கு,

சம்பா அறுவடை முடிந்ததும் சிலர் வயலிலேயே வைக்கோலைக் கொளுத்துவதைப் பார்த்தால் மனசு பதறுகிறது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் நெற்பயிரால் அதை நேரடியாக எடுக்க முடியாது. உளுந்து, பயறு வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியாதான் அதைப் பிடித்துப் பயிருக்கு உணவாக்குகிறது, டெல்டாவில் அறுவடைக்குச் சில நாள் முன்பே ஈர வயலில் உளுந்து தெளிக்கும் வழக்கத்தால் மண்ணுக்கும் இந்தச் சத்து சேர்கிறது. மண்ணிலிருந்து நெற்பயிர் எடுத்த நைட்ரஜனில் ஒரு பங்கு வைக்கோலிலும் இருக்கிறது. தீ வைத்தால் அதில் பெரும்பகுதி புகையோடு போய்விடும்; சாம்பலில் பொட்டாசியம் போன்ற சில சத்துகள் மிஞ்சும், அவ்வளவுதான். அப்புறம் அதே நைட்ரஜனுக்காக யூரியா மூட்டைக்கு வரிசையில் நிற்கிறோம்! மடக்கி உழுதாலோ, மாட்டுக்குப் போட்டுச் சாணமாகத் திரும்பினாலோ மண்ணுக்கே சேரும். வைக்கோல் கட்டும் இயந்திரத்தை வேளாண் துறை குறைந்த வாடகைக்கு, அறுவடை நேரத்திலேயே தர வேண்டும்.

– ஒரு விவசாயி, மன்னார்குடி