நடராஜரின் அருமையை ரோடினா எங்களுக்குச் சொன்னார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சோழர் காலச் செப்புத் திருமேனிகள் பற்றி அருங்காட்சியகத்தில் நடந்த சொற்பொழிவைப் போன ஞாயிறு இதழில் அரைப்பக்கத்துக்கு வெளியிட்டிருந்தீர்கள். ‘ரோடின் எழுதிய பிறகுதான் தமிழர்களுக்கே நடராஜரின் அருமை புரிந்தது’ என்று பேச்சாளர் சொன்னதையே தலைப்பாகவும் வைத்துவிட்டீர்கள். நானும் அந்த அரங்கில் இருந்தேன். அந்த வரிக்குக் கைதட்டினார்கள். வீடு வந்து சேரும்வரை மனசு ஆறவில்லை. காலையில் அதையே கொட்டை எழுத்தில் பார்த்தபோது எழுதாமல் இருக்க முடியவில்லை.

பிரெஞ்சுக்காரரான ரோடின் மகா சிற்பி. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவர் இந்தியாவுக்கு வந்ததே கிடையாது. சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கும் திருவாலங்காட்டு நடராஜரின் புகைப்படங்களைப் பார்த்து எழுதினார். அது அச்சில் வந்தது 1921இல், அவர் இறந்து நான்கு ஆண்டு கழித்து. தில்லைக் கூத்தனின் எடுத்த பாதத்தை அப்பர் பாடியது ஏழாம் நூற்றாண்டில். அவ்வளவு தூரம் போவானேன்? திருவாதிரைக்குக் களி கிண்டிய எங்கள் பாட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. எந்தக் கையில் உடுக்கை, எந்தக் கையில் தீ, எந்தக் காலடியில் முயலகன் என்று எனக்குக் காட்டிக் கொடுத்தவர் அவர்தான்.

என் தகப்பனார் சுவாமிமலையில் ஒரு ஸ்தபதியின் பட்டறையில் வேலை பார்த்தவர். தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் எண்ணெய் விட்டுக் காய்ச்சி உருப் பிடிப்பது, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி உலர்த்துவது, சூட்டில் மெழுகு வடிந்த பிறகு உலோகத்தை வார்ப்பது எல்லாம் பார்த்து வளர்ந்தவன் நான். கையின் வளைவு ஒரு நூல் பிசகினாலும் பெரியவர் மெழுகை மறுபடி உருக்கச் சொல்லிவிடுவார். வார்த்தபின் உளியால் சீவிச் சீவி விரல் நகம் வரை கொண்டுவர மாதக்கணக்கில் ஆகும். இந்தப் பட்டறைகளை ‘நகல் எடுக்கும் இடங்கள்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனார் பேச்சாளர்.

கேள்வி நேரத்தில் எழுந்து இதைத் தமிழில் கேட்டேன். “ஆங்கிலத்தில் கேளுங்கள், நேரமில்லை” என்றார் ஒருங்கிணைப்பாளர். மைக் அடுத்த வரிசைக்குப் போய்விட்டது. பேச்சாளருக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். அதுதான் அதிகம் வலித்தது.

இது இன்று நேற்றுக் கதையல்ல. அந்த அருங்காட்சியகத்தில் திருமேனிகளின் அடியில் ‘நடராஜர், 11ஆம் நூற்றாண்டு’ என்பதோடு பலகை முடிந்துவிடுகிறது. எந்த ஊர்க் கோயிலுடையது, எப்படி இங்கே வந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. ஓவிய ஆசிரியராக இருந்த காலத்தில் பிள்ளைகளை அழைத்துப் போகும்போதெல்லாம் நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் வந்ததில்லை.

சிலைக் களவு பற்றியும் அன்றைக்கு யாரும் வாய் திறக்கவில்லை. ஸ்ரீபுரந்தான் நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியதும், திருட்டுச் சொத்து என்று தெரிந்து 2014இல் திருப்பித் தந்ததும் தங்களுக்குத் தெரியாததல்ல. பத்தூர் நடராஜருக்காக லண்டன் நீதிமன்றத்தில் வழக்காடி 1991இல் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார்களே, அவர்களா அருமை தெரியாதவர்கள்?

தலைப்பை இனி மாற்ற முடியாது. ஒன்றை மட்டும் கேட்கிறேன். செய்தியோடு நீங்கள் வெளியிட்ட படத்தில் இருப்பது இந்தக் காலத்துச் சுவாமிமலை வேலை. கீழே அதை வாங்கி வைத்திருப்பவர் பெயர் இருக்கிறது, படம் எடுத்தவர் பெயர் இருக்கிறது, செய்தவர் பெயர் இல்லை. வாங்கியவரைக் கேட்டால் சொல்வார். அடுத்த ஞாயிறு அந்த ஸ்தபதியின் பெயரை ஒரு வரியில் போடுங்கள். இடம் போதாதென்றால் என் கடிதத்தை வெட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்