ஒழுங்கற்ற உருக்களின் பரப்பளவை இலையிலிருந்து தொடங்குவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டப் பாடசாலையொன்றில் கணிதம் கற்பிக்கிறேன். பரப்பளவு என்றதும் ‘நீளம் பெருக்கல் அகலம்’ என்று ஒரே குரலில் சொல்லும் எங்கள் பிள்ளைகள், ஓரம் வளைந்த உருவொன்றைக் கண்டதும் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறார்கள். ஓர் உரு எவ்வளவு இடத்தை மூடுகிறது என்பதே பரப்பளவு என்ற எண்ணம் மனதில் ஊன்றுமுன் சூத்திரங்களை மனனம் செய்விப்பதே இதற்குக் காரணம் என்று கருதுகிறேன்.

சென்ற தவணையில், முற்றிய தேயிலை ஒன்றைச் சதுரக்கோட்டுத் தாளில் வைத்து ஓரத்தை வரையச் சொன்னேன். ஒரு மாணவி இலையைச் சுற்றி நூல் பிடித்தாள். 22 சென்ரிமீற்றர் வந்தது. அந்த நூலையே சதுரமாக மடித்து, பக்கம் 5.5 என்று கொண்டு, 30.25 சதுர சென்ரிமீற்றர் என எழுதினாள். அதைப் பிழையென்று வெட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. அதே நூலை 10 சென்ரிமீற்றர் நீளமும் 1 சென்ரிமீற்றர் அகலமுமான செவ்வகமாக மடிக்கச் சொன்னேன். சுற்றளவு மாறாதிருக்கப் பரப்பளவு 10 ஆகச் சுருங்கியதை அவளே கண்டுகொண்டாள்.

பிறகு ஒரு சென்ரிமீற்றர் பக்கமுள்ள கட்டங்களை எண்ணினோம். இலைக்குள் முழுமையாக அடங்கியவை 11, ஓரம் வெட்டிச் சென்றவை 26. ஆகவே பரப்பளவு 11 இற்கும் 37 இற்கும் இடைப்பட்டது. வெட்டுண்டவற்றை அரைவாசியாகக் கொண்டால் 24. அரைச் சென்ரிமீற்றர் கட்டங்களில் மீண்டும் எண்ணியபோது 70 முழுக் கட்டங்களும் 52 வெட்டுண்ட கட்டங்களும் இருந்தன. நான்கு கட்டங்கள் சேர்ந்தே ஒரு சதுர சென்ரிமீற்றர் என்பதால், விடை 17.5 இற்கும் 30.5 இற்கும் இடையில் நின்றது. இடைவெளி 26 இலிருந்து 13 ஆகக் குறைந்ததும், “கட்டத்தை இன்னும் சின்னதாக்கினால், டீச்சர்?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. உயர்தரத்தில் படிக்கும், மிகச் சிறு துண்டுகளைக் கூட்டிப் பரப்பளவு காணும் தொகையீட்டுக்கு வேர் இந்தக் கேள்விதான். அரைக்கு மேற்பட்ட கட்டத்தை ஒன்றாக எண்ணி மற்றதை விட்டுவிடும் வழக்கமான முறை தவறன்று; ஆனால் விடை எவ்வளவு பிசகலாம் என்பதை அது காட்டுவதில்லை.

வீடு கட்ட 7 பேர்ச் காணி என்ற பேச்சைக் கேட்டே வளரும் மலையகப் பிள்ளைகளுக்கு இது வகுப்பறைப் பயிற்சி மட்டுமன்று. ஒரு பேர்ச் ஏறக்குறைய 25.29 சதுர மீற்றர் என்பதை அறிந்து, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னாலுள்ள கோணல்மாணலான மரக்கறித் துண்டைக் கயிறு பிடித்து முக்கோணிகளாகப் பிரித்து அளக்க அவர்களுக்குத் தெரிய வேண்டும். சரிவான நிலத்தில் கயிற்றைத் தரையோடு படிய விடாமல் மட்டமாகப் பிடிக்கவும் பழக்க வேண்டும். காணி வரைபடம் காட்டுவது கிடைப் பரப்பளவையே.

தங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் மாதிரி வினாக்களுடன் சதுரக் கட்டங்களையும் அச்சிட்டு உதவினால், வரைபுத்தாள் வாங்க வசதியில்லாத பிள்ளைகள் அதையே வெட்டியெடுத்து இலையை வைத்து எண்ணிக்கொள்வார்கள்.

இங்ஙனம்,
கணித ஆசிரியை,
ஹட்டன்.