கட்டைவிரல் துடித்தது

ஆசிரியருக்கு வணக்கம்.

பக்கவாதம் பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். வாய் கோணல், கை தளர்ச்சி, பேச்சுக் குழறல், நாலரை மணி நேரத்துக்குள் ஊசி, எல்லாம் சரி. ஊசி போட்ட பிறகு கூட இருப்பவர்கள் எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லையே?

சென்ற ஆண்டு என் கணவருக்கு இடது கையும் காலும் விழுந்துவிட்டன. 108 சீக்கிரம் வந்தது. ஸ்கேன் எடுத்து, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை நர்ஸ் வந்து பிரஷர் பார்த்து, கையைத் தூக்கச் சொல்லிவிட்டுப் போவார். அதற்கு நடுவில்தான் கவனித்தேன். போர்வைமேல் அசைவின்றிக் கிடந்த இடது கையில் கட்டைவிரல் மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது. வாயின் இடது ஓரமும் கூடவே துடித்தது. அதுவரை வலப்பக்கமே பார்த்திருந்த கண்கள் இடப்பக்கம் போய் நின்றன. கூப்பிட்டால் பதில் இல்லை. ஒன்றரை நிமிடம் இருக்கும். நர்ஸ் வருவதற்குள் நின்றுவிட்டது. "ஏசி குளிருக்கு அப்படித்தாம்மா இருக்கும்" என்றார். விரல் அசைகிறதே, கைக்கு உயிர் வருகிறது என்று என் நாத்தனார் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டார்!

பேச்சு முன்பைவிட அதிகமாகக் குழறியது. மூளையில் ரத்தக்கசிவோ என்று மறுபடி ஸ்கேன், கசிவு இல்லை. மூன்றாம் முறை துடித்தபோது மகன் செல்போனில் பிடித்துவிட்டான். அதைப் பார்த்த இரவுப் பணி டாக்டர், "இது ஃபிட்ஸ்" என்றார். பக்கவாதத்தில் கண் பெரும்பாலும் பாதித்த மூளைப் பக்கமே சாயும் (இடது கை கால் விழுந்தால் பாதிப்பு மூளையின் வலப்பக்கம்), வலிப்பு வந்தால் எதிர்ப்பக்கம் இழுக்கும் என்று விளக்கினார். மருந்து ஏற்றியதும் அடங்கியது. மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இஇஜி சோதனை மட்டும் மறுநாள் காலையில்தான். இரவில் எடுக்க ஆள் இல்லையாம். நர்ஸைக் குறைசொல்ல மனம் வரவில்லை, எங்களை உள்ளே விட்டதே அவர்தான். ஆனால் ஊசி போடும் இடத்தில் இரவு இஇஜி இல்லாதது குறைதான்.

வலிப்பு என்றால் கை கால் உதறி, நுரை தள்ளி, யாராவது சாவிக்கொத்தைக் கையில் திணிப்பதுதான் நமக்குத் தெரியும். உடம்பு உதறாமல் நினைவு மட்டும் மங்கும் வலிப்பும் உண்டு. இஇஜி இல்லாமல் அதை உறுதி செய்வது கடினம். வலிப்பு ஓய்ந்தபின் கை சில மணி நேரம் சோர்ந்து கிடப்பதும் உண்டு. பக்கவாதம் முற்றிவிட்டதென்று ஏமாந்துவிடலாம்.

அடுத்த முறை எழுதும்போது கவனிக்க வேண்டியவையாகக் கட்டைவிரல், வாயோரம், கண் மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செல்போனில் படம் பிடித்து டாக்டரிடம் காட்டச் சொல்லியும் எழுதுங்கள்.

வாசகி,
பெரம்பூர், சென்னை-11