மால்கம் யங் விட்டுச்சென்ற இடத்தைக் காத்து நின்றவர்களுக்கு: ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

ஏசி/டிசி ராக் இசைக்குழுவின் ரிதம் கிட்டார் கலைஞர் மால்கம் யங் 2017 நவம்பர் 18 அன்று தம் 64ஆவது வயதில் மறைந்தார். ஏசி/டிசி ரசிகர்கள் பலருக்கு அது இரண்டாவது இழப்பு. முதல் இழப்பு 2014இலேயே வந்துவிட்டது: ஏப்ரலில் உடல்நலம் கருதி ஓய்வு என்றார்கள், செப்டம்பரில் இனி குழுவுக்குத் திரும்பமாட்டார் என்றார்கள். 2010 ஜூன் 28 அன்று ஸ்பெயினின் பில்பாவோ நகரில் அவர் வாசித்ததுதான் கடைசி மேடை. கூடியிருந்தவர்களுக்கு அது தெரியாது. கைதட்டி வழியனுப்பக்கூட வாய்ப்பில்லாமல் போன வருத்தம் இன்றும் ஆறவில்லை.

ஒரு குழுவின் பாடகர் போனால் ஊருக்கே தெரியும். 1980 பிப்ரவரியில் பான் ஸ்காட் இறந்தபோது அப்படித்தான் இருந்தது. முன்னால் வராமல் பாட்டின் தாளக்கட்டைத் தாங்கும் ரிதம் கிட்டார்காரர் போனால் என்ன போயிற்று என்று சொல்லிப் புரியவைப்பதே கடினம். “சோலோ வாசிக்கும் தம்பி ஆங்கஸ் இருக்கிறாரே, அப்புறம் என்ன?” என்று கேட்பவர்களிடம் பதில் சொல்ல வார்த்தை வராது. அந்தப் பதிலைத் தங்கள் கையாலும் காதாலும் சொன்னவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் யங் குடும்பத்தாருக்கு. டிமென்ஷியா (மறதிநோய்) என்று நோயின் பெயரை வெளிப்படையாகச் சொன்னீர்கள். ‘உடல்நலக் குறைவு’ என்பதோடு நிறுத்தியிருந்தால் ஆளாளுக்கு ஒரு வதந்தி கிளம்பியிருக்கும். 2008 முதல் 2010 வரை நடந்த சுற்றுப்பயணத்திலேயே மறதி தலைகாட்டியதையும், தாமே உருவாக்கிய ரிஃப்களை (பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்குகளை) மால்கம் மறுபடி பயின்று மேடை ஏறியதையும் ஆங்கஸ் பின்னர் பேட்டிகளில் சொன்னார். அதைத் தெரிந்துகொண்டு, 2009 டிசம்பரில் புவெனஸ் அயர்ஸில் பதிவான நிகழ்ச்சியைக் கேட்டுப் பாருங்கள். நெஞ்சு கனத்துவிடும். மால்கம் மறைவதற்கு ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு முன்புதான் அண்ணன் ஜார்ஜும் காலமானார். இரண்டு துக்கங்களை அடுத்தடுத்துச் சுமந்த வீடு அது. அந்த நிலையிலும் ரசிகர்களுக்கு உண்மையைச் சொன்ன மனதுக்கு நன்றி.

அடுத்து, மால்கமின் இடத்துக்கு வந்த ஸ்டீவி யங்குக்கு. மூத்த அண்ணன் ஸ்டீபனின் மகன். சித்தப்பா மால்கமுக்கும் இவருக்கும் நான்கு வயது வித்தியாசம்கூட இல்லை. 1988இல் மால்கம் குடிப்பழக்கத்திலிருந்து மீள்வதற்காக விலகியிருந்தபோது வட அமெரிக்கப் பயணம் முழுக்க ஈடுகொடுத்தவரும் இவரே. ஆகவே 2014இல் இவரை அழைத்தது உறவுமுறைக்காக மட்டும் அல்ல. அந்த வேலையின் கஷ்டம் தெரிந்த ஆள் வேறு யாரும் இல்லை. அவர் வாசித்ததைவிட வாசிக்காமல் விட்டதற்குத்தான் நாங்கள் அதிகம் கடன்பட்டிருக்கிறோம். தனக்கென்று ஒரு சோலோ கேட்கவில்லை. இடைவெளிகளில் அலங்காரம் எதையும் நுழைக்கவில்லை. பல்லவி வரும்போது மைக் அருகே வந்து குரல் கொடுப்பார், முடிந்ததும் டிரம் மேடை அருகே திரும்பிவிடுவார். மால்கம் செய்ததும் அதேதான்.

இந்த மடலில் அதிகம் பேச வேண்டியவர்கள் இனிமேல்தான் வருகிறார்கள். அந்த ஒலி எப்படி உருவானது என்று தேடி, பிரித்து, பிறருக்கும் கற்றுக்கொடுத்த பெயர் தெரியாத கிட்டார் கலைஞர்களும், கருவி பழுதுபார்ப்பவர்களும்தான் அவர்கள்.

நீங்கள் சொல்லித்தந்ததில் முதலாவது தந்தி. மால்கமின் முதல் தந்தியின் தடிமன் 0.012 அங்குலம், மூன்றாவது தந்தி சுற்றுக்கம்பி போட்டது. பெரும்பாலான மின்கிட்டார்களில் முதல் தந்தி 0.009 அல்லது 0.010, மூன்றாவது வெறும் கம்பி. வித்தியாசம் எங்கே என்றால், மால்கம் அடிப்பதுபோல் ஓங்கி அடித்தால் மெல்லிய தந்தி அடிபட்ட கணத்தில் சுருதி ஏறிவிட்டு, அப்புறம்தான் இறங்கும். அதிலும் வெறும் மூன்றாவது தந்தி மிக மோசம். ஆறு தந்தி சேர்ந்து ஒலிக்கும் கார்டில் (ஸ்வரக் கூட்டில்) ஒன்று மட்டும் இப்படி ஏறி இறங்கினால் முழுக் கார்டும் கலங்கிப்போகும். தடித்த தந்தி அந்த அடியைத் தாங்கும். ஆனால் அப்படியே பார்த்துச் செய்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடத்தையும் நீங்கள் மறைக்கவில்லை. மால்கமின் கிரெட்ச் ஜெட் வகைக் கிட்டாரின் தந்தி நீளம் சுமார் 24.6 அங்குலம். 25.5 அங்குலக் கிட்டாரில் அதே தந்தியைப் போட்டால் இழுவிசை கூடி விரல் வீங்கிவிடும், அதில் 0.011இல் தொடங்கி, சுற்றுக்கம்பி மூன்றாவது உள்ள தொகுப்பே போதும். தந்தியை மாற்றினால் மட்டும் வேலை முடியாது. கழுத்தின் மேல்முனையில் தந்திகள் படியும் ‘நட்’டின் பள்ளங்களை அகலப்படுத்த வேண்டும், இல்லையென்றால் சுருதி கூட்டும்போது தந்தி சிக்கி ‘டிக்’கென்று தாவும். கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராட் என்ற கம்பியைச் சற்று இறுக்கி, பிரிட்ஜில் இன்டொனேஷனையும் (கழுத்து நெடுக சுருதி சரியாக நிற்கிறதா என்பதையும்) மறுபடி சரிபார்க்க வேண்டும். இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னதால் எத்தனையோ கிட்டார்கள் பிழைத்தன.

அந்த 1963 கிரெட்சைப் பற்றிப் பேசும்போது ஹாரி வாண்டாவை விட்டுவிட முடியாது. ஈஸிபீட்ஸ் என்ற ராக் குழுவில் தான் வாசித்த கிட்டாரைத் தம்பி போன்ற ஒருவனுக்குக் கொடுத்தார். மால்கம் அதன் வண்ணத்தைச் சுரண்டி எடுத்து, தந்தி அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப்புகளில் மற்றவற்றைக் கழற்றி, பிரிட்ஜ் பக்கத்து ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார். பெரும்பாலும் அந்த ஒற்றைப் பிக்கப்தான். ஹாரி அவர்களே, நீங்கள் கொடுத்தது எத்தனை கோடிக் காதுகளைச் சென்றடைந்தது!

அடுத்தது ஆம்ப்ளிஃபையர். ஹார்ட் ராக் என்றதும் ஒலியைக் கரகரப்பாக்கும் ‘கெயின்’ அளவைக் கூட்டுவதுதான் எல்லோரும் முதலில் செய்யும் காரியம். மால்கமின் வழி நேர் எதிர். 100 வாட் மார்ஷல் சூப்பர் பாஸ். கிட்டாரின் வால்யூமைக் குறைத்து வைத்துவிட்டு, கையின் அழுத்தத்தால் கரகரப்பை வரவழைப்பார். மெதுவாகத் தொட்டால் சுத்தமான ஒலி, ஓங்கி அடித்தால் உறுமல். கெயின் கூடினால் இந்த ஏற்ற இறக்கம் செத்துவிடும், எல்லா அடியும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். உங்களில் ஒருவர் சொல்லித்தந்த சோதனை இன்றும் உதவுகிறது: ஏ மேஜர் கார்டை முழுசாக ஒரு தட்டு தட்டுங்கள், உள்ளே ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் காதில் விழவில்லை என்றால் கெயின் அதிகம். ஜி கார்டில் ஐந்தாவது தந்தியை விரலால் அடக்கச் சொன்னதும் இதே காரணத்துக்குத்தான். அங்கே வரும் தாழ்ந்த ‘பி’ ஸ்வரம் டிஸ்டார்ஷனில் மற்றவற்றோடு மோதி அடித்தளத்தைக் குழப்பிவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பாடம் மௌனம். ‘பேக் இன் பிளாக்’ பாட்டின் ரிஃப்பில் ஈ, டி, ஏ கார்டுகளை யாரும் ஒரு மாலைப்பொழுதில் கற்றுவிடலாம். அவற்றுக்கு நடுவே தந்திகளைச் சுத்தமாக அடக்குவதுதான் வேலை. திறந்த தந்திகள் நிறைய உள்ள கார்டு என்பதால் இடக்கை விரல்களைத் தளர்த்தினால் மட்டும் போதாது; வலக்கை உள்ளங்கையும் அதே கணம் தந்திமேல் இறங்க வேண்டும். ஒன்று பிந்தினாலும் கார்வை வழிந்து இடைவெளியை நிரப்பிவிடும். அப்புறம் அங்கே டிரம்மர் ஃபில் ரட்டின் ஹை-ஹாட் தாளம் கேட்காது. அது கேட்காவிட்டால் அந்தப் பாட்டே இல்லை. அதே பெயருள்ள ஆல்பத்தை ஹெட்போனில் இடப்பக்கம் மட்டும் கேட்கச் சொன்னீர்கள். வலப்பக்கம் ஆங்கஸ்; இடப்பக்கம் மால்கம் தனியே கிடைப்பார். அவர் போனபின் அப்படிக் கேட்டவர்களுக்குத்தான் எதை இழந்தோம் என்பது முழுசாகப் புரிந்தது.

அஞ்சலி நிகழ்ச்சிகளுக்கு ஒலி அமைத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. அரங்கில் இரண்டு கிட்டாரையும் இடம் வலம் என்று முற்றாகப் பிரித்தால் ஓரத்தில் நிற்பவருக்கு ஒரு கிட்டார்தான் கேட்கும். இரண்டையும் நடுவில் வைத்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். பாதியளவு பிரித்து, சோலோ வரும்போது ஆங்கஸ் பங்கை மட்டும் ஏற்றி, ரிதமை இம்மியும் இறக்காமல் வைத்தீர்களே, அதுதான் சரி. சோலோவுக்காக ரிதமைத் தாழ்த்தினால் சோலோவே அந்தரத்தில் தொங்கும்.

ஆங்கஸ், 2020 நவம்பர் 13 அன்று வெளிவந்த ‘பவர் அப்’ ஆல்பத்தின் 12 பாடல்களிலும் உங்கள் பெயரோடு அண்ணன் மால்கமின் பெயரையும் போட்டீர்கள். இருவரும் சேர்ந்து சேமித்து வைத்திருந்த ரிஃப்களைத் தேடி எடுத்து முழுமையாக்கினீர்கள். பழைய கையிருப்பைத் தூசிதட்டிப் போட்ட ஆல்பம்போல் அது ஒலிக்கவில்லை. தயாரித்த பிரெண்டன் ஓ’பிரையனுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. செவித்திறன் பாதிப்பையும் மீறி வந்து பாடிய பிரையன் ஜான்சனுக்கும், ஓய்விலிருந்து திரும்பி வந்து பேஸ் கிட்டார் வாசித்த கிளிஃப் வில்லியம்ஸுக்கும் எங்கள் வணக்கம்.

மலர்களுக்குப் பதிலாக சால்வேஷன் ஆர்மிக்கு நன்கொடை அளியுங்கள் என்று குடும்பத்தார் அன்று கேட்டுக்கொண்டார்கள். அதை ஏற்று, பெயர் சொல்லாமல் கொடுத்த ரசிகர்கள் ஒவ்வொருவருக்கும் மனமார்ந்த நன்றி.

என்றும் அன்புடன்,
ஏசி/டிசியின் நெடுங்கால ரசிகர்கள்