பவுடர் டப்பாத் தகரம்

கடலூர்
9-11-2025

அன்புள்ள மாப்ளே,

நலம், நலமறிய ஆவல். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல். உன் முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதச் சொல்லி வீட்டில் உத்தரவு. கேட்டுவிட்டேன்.

எட்டு மாதமாக ஒரு வரி இல்லை, இப்போது கடிதம் என்றதும் பணம் கேட்கிறேனோ என்று பயந்திருப்பாய். இல்லை. போனிலேயே சொல்லியிருக்கலாம். மூன்று தடவை உன் நம்பரை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். வாயால் சொன்னால் நீ ஏதாவது கிண்டல் செய்வாய், நானும் சிரித்துத் தொலைப்பேன், அதோடு போய்விடும். அப்படிப் போகக்கூடாத விஷயம் இது.

நம் பழைய ஜீப் சாமியாடியை மறுபடி பிரித்துப் போட்டிருக்கிறேன். சிரிக்காதே, முழுக்கப் படி. போன வருஷம் நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது உனக்குத் தெரியும். நாங்கள் காற்றுக்குத் தப்பித்தோம். ரெண்டு நாள் கழித்து சாத்தனூர் அணையில் திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணை வழியாக வந்து ஆல்பேட்டையையே ஆறாக்கியது. அன்றைக்குத் தெருவில் ஓடிய ஒரே வண்டி நம்முடையதுதான். எதிர்வீட்டு ஆத்தாவை மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன், பால் பாக்கெட் கொண்டுவந்தேன், ரெண்டு ஆட்டுக்குட்டியைக்கூட ஏற்றினேன். பெருமையில் தண்ணீருக்குள் நாலைந்து நடை போனேன். வடிந்த பிறகு செய்ய வேண்டிய வேலையைச் செய்தேனா? இன்ஜின் ஆயிலை மட்டும் மாற்றிவிட்டுப் படுத்துவிட்டேன். வயசாகிறது மாப்ளே, வண்டிக்குக் கீழே போய்ப் படுத்தால் எழுந்திருக்க ஆள் வேண்டியிருக்கிறது.

போன மாசம் முன் ஆக்ஸிலிலிருந்து அரைக்கிற சத்தம். அதன் நடுவில் இருக்கிற டிஃபரென்ஷியல் பல்சக்கரப் பெட்டியின் போல்ட்டைக் கழற்றினால் ஆயில் வரவில்லை, பால் காபி வருகிறது. ஓடிச் சூடான ஆக்ஸில் சட்டென்று பச்சைத் தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கிற காற்று சுருங்கும். சுருங்கினால் வெளியிலிருந்து எதையாவது இழுத்துத்தானே ஆக வேண்டும்? சீல் வழியாக, மேலே இருக்கிற மூச்சு ஓட்டை வழியாக, கிடைத்த தண்ணீரை எல்லாம் உறிஞ்சிவிட்டது. அந்த ஓட்டையில் ஒரு ரப்பர் டியூபை மாட்டி, பானட்டுக்குள் உயரமாக ஏற்றிக் கட்டிவிட்டால் பாதித் தொல்லை இல்லை. முப்பது ரூபாய் டியூப். இத்தனை வருஷம் ஹார்னும் ஸ்டிக்கரும் வாங்கினேனே தவிர அதைச் செய்யவில்லை. இப்போது முன்னும் பின்னும் மாட்டியாயிற்று.

சரி, திறந்ததுதான் திறந்தோம், முன் சக்கரம் ரெண்டையும் முழுக்கப் பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். இனிமேல்தான் விஷயம்.

சாமி வருவது ஞாபகம் இருக்கிறதல்லவா? நாற்பத்தஞ்சு, ஐம்பதில் போகும்போது ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழுந்தால் போதும், ஸ்டீரிங் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உதறிக்கொண்டு ஆடும். வேகத்தைக் குறைத்து நடைக்கு வந்தால்தான் மலையேறும். அதற்குப் பேர் வைத்தவனே நீதான். அதற்காக நாம் எதை மாற்றவில்லை? டை ராட் எண்டு மாற்றினோம், ஸ்டீரிங் பாக்ஸை இறுக்கினோம், ஷேக்கிள் புஷ் போட்டோம், சக்கரத்தை பாலன்ஸ் பார்த்தோம். மெக்கானிக் பாய், சக்கரம் திரும்புகிற அச்சான கிங்பின்னை இடது பக்கம் பிரித்து பேரிங்கே புதுசு போட்டார். ஒவ்வொரு தடவையும் இடது பக்கம்தான். ஏனென்றால் நீ ரெட்டிச்சாவடி மதகில் இடித்தது இடது பக்கம். குற்றவாளி தெரிந்த வழக்கில் வலது பக்கத்தை யார் தேடுவார்கள்?

இந்தத் தடவை வலது பக்கக் கிங்பின் மூடியின் நாலு போல்ட்டையும் கழற்றினேன். துரு. மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு ராத்திரி ஊறவைத்துத்தான் அசைந்தது. மூடிக்கும், சக்கரத்தோடு சேர்ந்து திரும்புகிற நக்கிளுக்கும் நடுவே, இறுக்கத்தைச் சரிபார்க்க வைக்கிற கம்பெனித் தகடுகளான ஷிம்கள் மெல்லிசாக வரிசையாக இருந்தன. அவற்றுக்கு அடியில் ஒன்று மட்டும் கோணல்மாணலாக வெட்டியது, ஓட்டைகள் ஆணியால் குத்தியது. கிரீஸைத் துணியால் துடைத்தேன். ரோஸ் நிறத்தில் ஒரு பூவின் பாதி இதழும், கீழே ரெண்டு எழுத்தும் தெரிந்தன. அம்மாவின் பவுடர் டப்பா.

கொஞ்ச நேரம் அப்படியே ஷெட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

97 தீபாவளிக்கு நான் அகல டயர் போட்டேன் அல்லவா? பாண்டி பீச் ரோட்டில் யாரோ ஒருவரின் வெள்ளை ஜீப்பைப் பார்த்துவிட்டு வந்த ஆசை. கம்பெனி போட்ட ஒல்லியான 6.00-16 டயர் மாட்டு வண்டிச் சக்கரம் மாதிரி இருக்கிறது என்று நீயும்தான் ஏற்றிவிட்டாய். போட்டதும் ஸ்டீரிங் கல்லாய்ப் போயிற்று. அகல டயர் தரையைப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான் காரணம். அது எனக்கு அப்போது தெரியாது. கிங்பின்னில் ஷிம்மைக் கூட்டினால் பேரிங்கின் இறுக்கம் குறையும், ஸ்டீரிங் லேசாகும் என்று எவனோ டீக்கடையில் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் தூங்கும்போது டப்பாவை வெட்டினேன். இடது பக்கம் போல்ட் வரவில்லை, விட்டுவிட்டேன். ஸ்டீரிங் லேசாயிற்று. எனக்கும் தலைகால் புரியவில்லை. அதன்பிறகு அதை மறந்தே போனேன். சத்தியமாக மறந்துபோனேன் மாப்ளே, மறைக்கவில்லை. அம்மா மட்டும் ஒரு வாரம் டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தது.

இறுக்கம் இல்லாத பேரிங்கில் சக்கரம் ஆடத்தானே செய்யும்? ரெண்டு மாசம் கழித்துப் பொங்கலுக்கு நீ ஓட்டினாய். மதகில் இடித்தாய். "ஸ்டீரிங் கையை விட்டுப் பிடுங்கிக்கொண்டு ஆடியது" என்று அன்றைக்கு ராத்திரியே சொன்னாய். யாரும் நம்பவில்லை. பாண்டி எல்லைச் சாராயக்கடைகள் இருக்கிற கன்னியக்கோயில் தாண்டி வந்ததால் நம்பவில்லை. டீசல் மட்டும்தான் போட்டோம் என்று நீ அடித்த சத்தியத்துக்கு நம் தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். டீசல் மட்டும்தான் போட்டாய் என்பது பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும்.

ஹெட்லைட்டுக்கும் மட்கார்டுக்கும் உன் முதல் சம்பளத்தில் 900 ரூபாய் எண்ணி வைத்தாய். அப்பா அதை வாங்கிக்கொண்டார். சாவியை இனிமேல் அவன் கையில் கொடுக்காதே என்றார். 2009-ல் அவர் போகிறவரை அந்தப் பேச்சு மாறவில்லை. காரியத்துக்கு வந்தபோதுகூட, ஐஸ் வாங்க வண்டியை எடு என்றதற்கு, "நான் நடந்தே போய்ட்டு வர்றேன்டா" என்றாய். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. இந்த ஒரு வாரமாக அதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. அப்பாவிடம் போய் இதைச் சொல்ல இனி வழி இல்லை. உன்னிடமாவது சொல்லிவிட வேண்டும். மன்னித்துவிடு என்று எழுதினால் நாடகம் மாதிரி இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

போகட்டும். வேலை எப்படி நடந்தது என்று கேட்காமல் நீ விடமாட்டாய். தகரத்தை எடுத்துவிட்டுச் சும்மா மூடியைப் போட்டு முறுக்கினால் ஆகாது. ஃபெல்ட் சீலைக் கழற்றி, ஆக்ஸில் ஷாஃப்டை உருவி, டை ராடையும் விட்டுவிட்டு, நக்கிளை மட்டும் தனியாக ஆட வைக்க வேண்டும். அப்புறம் நக்கிளில் நீட்டிக்கொண்டிருக்கிற ஸ்டீரிங் கையின் முனையில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்து, எத்தனை எடையில் நகர ஆரம்பிக்கிறது என்று பார்த்து ஷிம்மைக் கூட்டிக் குறைக்க வேண்டும். எங்கே போவது தராசுக்கு? முதுநகர் துறைமுகத்தில் மீன் நிறுக்கிற அக்காவிடம் அரை நாளைக்கு வாங்கிவந்தேன். "ஜீப்பு என்னா வெலை போகுது?" என்று கேட்டது அந்த அம்மா. முதல் இழுப்பில் முள் அசையவே இல்லை, கை வைத்த உடனே நக்கிள் தானாகச் சாய்ந்துவிட்டது. அவ்வளவு லொடலொட. ஒவ்வொரு ஷிம்மாக எடுத்து எடுத்துப் பார்த்தேன். நாலாவது தடவை, மெதுவாக, நல்ல நெய் வழிவது மாதிரி ஒரே சீராக நகர்ந்தது பார், அந்த இழுப்பை உன் கையில் கொடுக்க வேண்டும் போல இருந்தது. ஷெட் முழுக்க மத்தி வாடை. பூனைகள் ரெண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தன.

பெங்களூரிலிருந்து உன் மருமகன் வேறு தினம் படம் அனுப்புகிறான். நாலு அங்குலம் தூக்க வேண்டுமாம், முப்பத்தஞ்சு அங்குல டயராம், முன்னால் இரும்புக் கம்பியாம், கூரையில் விளக்கு வரிசையாம். இரும்புக் கம்பிக்கு 2017-லேயே தடை வந்தாயிற்று. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இருக்கிறது, 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிவிட்டது என்றேன். "எல்லாரும் போடறாங்கப்பா" என்கிறான். சட்டம் கிடக்கட்டும். வண்டியைத் தூக்கினால் முன் ஆக்ஸிலின் சாய்வு மாறும், ஷாஃப்டின் கோணம் மாறும், அதன் கிராஸ் மூட்டு தேயும். பெரிய டயர் போட்டால் 2112 சி.சி. பழைய டீசல் இன்ஜின் மூச்சுத் திணறும், ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லும், ஸ்டீரிங் கல்லாகும். கல்லானால் இன்னொருத்தன் இன்னொரு டப்பாவை வெட்டுவான். அவனிடம் இந்தக் கடைசி வரியைச் சொல்லவில்லை. அகல டயரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு 6.00-16 வாங்கிப் போட்டுவிட்டேன். மாட்டு வண்டி மாதிரிதான் இருக்கிறது. விரல் நுனியில் திரும்புகிறது.

ஹெட்லைட்டுக்கு மட்டும், பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுக்கிற ரிலே வைத்தேன். அதுவரை மின்சாரம் முழுக்க அந்தப் பழைய ஸ்விட்ச் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து, பல்பில் அகல் விளக்கு மாதிரி எரிந்துகொண்டிருந்தது. இப்போது அதே பல்பு, எதிரில் வருகிறவன் திட்டுகிறான்.

வண்டியின் தளத்தைப் பற்றி எழுதினால் அழுகை வரும். ரப்பர் மேட்டைத் தூக்கினால் கீழே ரோடு தெரிகிறது. தேவனாம்பட்டினத்து உப்புக்காற்று வேலையைக் காட்டிவிட்டது. பழைய இன்ஜின் ஆயிலை அடித்துவிடு என்பார் பாய், ஆனால் அது ரப்பர் புஷ்களை ஊத வைத்துவிடுகிறது. டிங்கர் அண்ணன் அழுகியதை வெட்டித் தகடு வைத்துப் பற்றவைக்கிறார். ரெட் ஆக்சைடு அடிப்பது என் பங்கு. ஆர்.சி.யைப் போன வருஷமே 5,000 கட்டிப் புதுப்பித்துவிட்டேன். 20 வருஷம் தாண்டினால் 10,000 என்று இந்த ஆகஸ்டில் ஏற்றிவிட்டார்கள். அடுத்தது 2029-ல். அதற்குள் நாம் இருவரில் யாருக்கு எஃப்.சி. கிடைக்கிறதோ!

நேற்றுக் காலை தனியாக ரெட்டிச்சாவடி வரை ஓட்டினேன். மதகுக்கு முன்னால் இருக்கிற அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது. ஐம்பத்தைந்தில் வேண்டுமென்றே இடது சக்கரத்தை அதில் இறக்கினேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான். ஒரு உலுக்கல், அவ்வளவுதான். வண்டி நேரே போயிற்று. ஓரங்கட்டிவிட்டு மதகுச் சுவரைப் பார்த்தேன். நீ இடித்துப் பெயர்ந்த மூலையில் சிமெண்டு பூசி, அதன்மேல் ஏதோ கட்சிக்கு வெள்ளையடித்திருக்கிறார்கள்.

பொங்கலுக்கு வா. ஓசூரில் பழைய பார்ட்ஸ் கடை இருந்தால் முன் ஆக்ஸில் ஃபெல்ட் சீல் ஒரு செட் பார், இங்கே கிடைத்தது மட்டம். 900 ரூபாயை வட்டியோடு தரமாட்டேன், பண்ருட்டிப் பலா சீசனில் ஒரு முழுப் பழம் வாங்கித் தருகிறேன். சாவி ஆணியில்தான் தொங்கும், வந்ததும் நீயே எடுத்துக்கொள்.

தகரத்தை இந்தக் கவருக்குள்ளேயே வைத்திருக்கிறேன், காகிதத்தில் சுற்றி. ஓரம் இன்னும் கூர்மை, கையை வெட்டிக்கொள்ளாதே.

உன்
மச்சான்